ஓடாத எஞ்சினின் எண்ணெய்

நம் வீட்டு ஜெனரேட்டருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் எண்ணெய் மாற்றுவதைப் பார்த்து நீங்கள் மூன்று பேரும் சிரிக்கிறீர்கள். போன வருடம் முழுக்கக் கரண்டு போய் அது நாலு தடவைதான் தேவைப்பட்டது என்று சின்னவள் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். "சும்மா கெடக்குற மிசினுக்கு எதுக்குப்பா புது எண்ணெ? தீவாளிக்குப் புதுத்துணி எடுக்குற மாதிரியா?" என்று பெரியவன் கேட்டான். நான் ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் உட்கார முடியாது, எழுந்து நடக்கத் தோன்றும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பேச்சில் முன்னும் பின்னும் ஆகிவிடும். எழுதினால் வரிசையாக வரும் என்று எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகுமுன் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆயில்மேனாக இருந்தேன். ஆயில்மேன் என்றால் கையில் நீள மூக்கு எண்ணெய்க் கேனோடு ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே இருக்கிறவன். எந்த மிசினுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் என்று சுவரில் அட்டை தொங்கும். அட்டையில் உள்ளதெல்லாம் மணிக்கணக்குதான், மாதக்கணக்கு கிடையாது. அங்கே எந்த மிசினும் நின்றதே இல்லை என்பதால் அது சரியாகவும் இருந்தது. ஆறு வருடம் அப்படி நடந்ததில், மிசின் ஓடினால்தான் தேயும், ஓடாவிட்டால் போட்ட எண்ணெய் போட்டபடி இருக்கும் என்பது என் மனதில் ஊறிப்போயிற்று. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானாகப் படித்துக்கொண்டது.

எழுபதுகளின் நடுவில் மின்வெட்டு கடுமையாக வந்தது. மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள், பிறகு இன்னொன்றை. கடைசியாகச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன், என்னையும் நிறுத்தினார்கள். மூன்று மாதம் டவுனுக்குள் சுற்றியபிறகு ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எட்டுக் கட்டில். டாக்டரம்மா பிரசவம் பார்ப்பார்கள், அவர்கள் வீட்டுக்காரரும் டாக்டர், அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பார். ஒரு நர்ஸ், நாங்கள் எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிடுவது. எனக்கு வாட்ச்மேன் வேலை, தண்ணீர் இறைக்கிற மோட்டார் வேலை, அதோடு ஜெனரேட்டர். இந்த மூன்றில் ஜெனரேட்டருக்காகத்தான் என்னை எடுத்தார்கள். மில்லில் ஆயில்மேன் என்று சொன்னதும் டாக்டரம்மா, "அப்ப இது ஒன் பொறுப்பு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

ரெண்டு பேர் தூக்கினால் நகர்கிற பெட்ரோல் ஜெனரேட்டர் அது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும். பின்பக்கம் தகரச் சாய்ப்பில், துணிகளையும் கத்தி கத்தரிக்கோலையும் வேக வைக்கிற அறையின் சுவரை ஒட்டி நின்றது. ஆபரேஷன் தியேட்டருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் மயக்கத்துக்கு ஈதர் கொடுப்பார்கள். ஈதர் இருக்கிற அறைக்குள் தீ போகக் கூடாது, பற்றிக்கொள்ளும். பெட்ரோமாக்ஸும் அரிக்கேன் விளக்கும் வாசலோடு சரி. எங்கள் பக்கத்துப் புழுதிக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கரண்டு போனால் பட்டப்பகலிலும் அந்த அறை கிணற்றுக்குள் இருப்பது போலத்தான். ஜெனரேட்டர் ஓடினால் விளக்கு, இல்லையென்றால் டார்ச் லைட்டு.

ஆனால் ஜெனரேட்டருக்கு வேலை வரவில்லை. எந்த நேரத்தில் கரண்டு நிற்கும் என்று முன்னாலேயே தெரியும். டாக்டரம்மா அதற்குத் தக்கபடி அறுவையை வைத்துக்கொள்வார்கள். "வாரத்துக்கு ஒருக்கா ஓட்டிப் பாத்துக்கப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நான் அதற்கு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டேன். மில்லில் வெள்ளிக்கிழமை மிசினுக்குச் சூடம் காட்டுவது வழக்கம். அதே மாதிரி பொட்டு வைத்து, சூடத்தைப் பொருத்திவிட்டுக் கயிற்றை இழுப்பேன். முதல் இழுப்பிலேயே கிளம்பும். சூடம் எரிந்து முடிகிற வரைக்கும் ஓட்டுவேன், சூடம் அணைந்ததும் நிறுத்திவிடுவேன். ரெண்டு நிமிஷம். அதற்கு மேல் ஓட்டினால் பெட்ரோல் வீண், பெற்றவளும் பிள்ளையும் தூங்க முடியாது. ஓட்டி முடித்து நோட்டில் 'ஓடியது, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஜெனரேட்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை சிஸ்டர் எனக்கு ஒருநாள் படித்துச் சொன்னார். நூறு மணி நேரம் ஓடினால் எண்ணெய் மாற்று என்று அதில் இருந்தது. கீழே இன்னொரு வரி, ஓடினாலும் ஓடாவிட்டாலும் இத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று. அதையும் சிஸ்டர் படிக்கத்தான் செய்தார்.

"அது அவங்க ஊருக்கு எழுதினது சிஸ்டர்" என்றேன். "அங்க பனி, மழை, நசநசன்னு கெடக்கும். நம்ம ஊருல அப்பளத்தக்கூடக் காயவைக்க வேணாம், வச்ச எடத்துலயே காஞ்சிரும். இங்க எண்ணெ எங்கிட்டுக் கெடப்போகுது?"

"எனக்கென்ன தெரியும், இருக்குறதப் படிச்சேன்" என்றார் அவர்.

வாரம் ரெண்டு நிமிஷம் என்றால் நூறு மணி நேரம் வர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். அதைக் கணக்குப் போட்டு நானே சிரித்தேன். எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று காட்டுகிற, கீழும் மேலும் கோடு போட்ட கம்பியை எடுத்துப் பார்ப்பதும் உண்டு, பார்க்காமல் இல்லை. அளவு குறையவே இல்லை. மாதம் போகப் போக மேல்கோட்டையும் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றது. கருப்பாகவும் ஆகவில்லை, வெளுத்துக்கொண்டே வந்தது. மில்லில் எந்த மிசினும் இப்படி எண்ணெய் குடிக்காமல் இருந்ததில்லை. "நம்ம மிசின் சொட்டு எண்ணெ திங்காதும்மா" என்று டாக்டரம்மாவிடமே பெருமையாகச் சொன்னேன். ஊற்றாத எண்ணெய் எப்படி ஏறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று.

அது ஆடி மாதம். காற்று எழும்பிப் புழுதி பறந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் திருச்சுழிக்கு அங்கிட்டு ஒரு கிராமத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் காலையில் பிடித்த வலி. ஊரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை என்றதும் வாடகைக்காரில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கத்தக்கூடத் தெம்பு இல்லை. புருஷன்காரன் என் வயதுதான் இருப்பான், ஒல்லியான ஆள், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது கரண்டு நின்றது. அன்றைக்கு நிற்க வேண்டிய நேரமே இல்லை. எதிர்த்த கடைக்காரர், காற்றில் லைன் அறுந்துவிட்டது, சாயங்காலம்தான் வரும் என்று வாசலில் நின்று சொன்னார்.

"மிசினை ரெடி பண்ணச் சொல்றாக அம்மா" என்று சிஸ்டர் வந்து சொன்னார்.

கயிற்றை இழுத்தேன், கிளம்பிற்று. ரெண்டு நிமிஷம் வழக்கம்போல் ஓடிற்று. மூன்றாவது நிமிஷம் மிசினின் அடிவயிற்றிலிருந்து டொக்கு டொக்கு என்று ஒரு சத்தம். ஆறு வருடம் மிசின்களுக்கு நடுவில் நடந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். எண்ணெய் இல்லாமல் இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம். எண்ணெய்தான் மேல்கோட்டுக்கு மேலே இருக்கிறதே. நிறுத்திவிட்டு எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் அடியில் மஞ்சள் வெள்ளையாகத் தயிராடை மாதிரி ஒட்டியிருந்தது. கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுக்கவில்லை. நீர்த்த மோர்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் நீராவியும் உண்டாகும். நன்றாகச் சூடேற ஓடினால் அது வெளியே போய்விடும். ரெண்டு நிமிஷம் ஓட்டிக் குளிரவிட்டால் உள்ளேயே தண்ணீராகத் தங்கும், எரியாத பெட்ரோலும் அதோடு இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வேக வைக்கிற அறையின் ஆவி வேறு வாரம் முழுக்க அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் பின்னால் யோசித்துத் தெரிந்துகொண்டது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏறிக்கொண்டே வந்தது எண்ணெய் இல்லை.

"ரெடியா?" என்று சிஸ்டர் தலையை நீட்டினார்.

"ரெடி சிஸ்டர்" என்றேன்.

பிள்ளைகளா, இதைத்தான் நான் உங்களிடம் வாயால் சொல்ல முடியாமல் எழுந்து போனது. ரெடி என்று சொன்னேன். ஓடும் பார்த்துக்கொள்ளலாம், அரை மணி நேரம் தாக்குப்பிடிக்காதா என்று நினைத்தேன். இல்லை, அதுகூட நினைக்கவில்லை. எண்பது வெள்ளிக்கிழமை 'சரி' என்று எழுதினவன் வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை.

சிஸ்டர் போய்விட்டார். நான் சாய்ப்புக்கு வெளியே வந்தேன், உள்ளே போனேன், மறுபடி வெளியே வந்தேன். மோட்டார் ரூம் வரை நடந்து திரும்பினேன். காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. வயிற்றைக் கீறி வைத்திருக்கும்போது விளக்கு அணைந்தால் அவர்கள் கை எங்கே இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கு அப்புறம் நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினேன். டாக்டரம்மா தியேட்டர் வாசலில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு.

"அம்மா, மிசின் ஓடும். எம்புட்டு நேரம் ஓடும்னு சொல்ல முடியாது."

"என்ன சொல்ற? நேத்துக்கூடச் சத்தம் கேட்டுச்சே."

"ரெண்டு நிமிஷம்மா. எப்பவுமே ரெண்டு நிமிஷந்தான் ஓட்டினேன். உள்ள எண்ணெ கெட்டுப் போச்சு."

"நோட்டுல சரின்னு எழுதியிருக்க."

"எழுதினேம்மா."

அவர்கள் கையை உதறவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டார்கள், "என்ன செய்யணும்?"

"எண்ணெ மாத்தணும். முக்கா மணி நேரம் ஆகும்."

"முக்கா மணி நேரம் அந்தப் புள்ளைக்குத் தாங்காது. அரை மணி தாரேன். அதுக்குள்ள மாத்தினாலும் மாத்தாட்டியும் வந்து சொல்லு. டார்ச்ச வச்சாவது ஆரம்பிச்சிருவேன். ஓடு."

ஆஸ்பத்திரியில் பழைய எண்ணெய்கூட ஒரு சொட்டு இல்லை. மாற்றுவதாக இருந்தால்தானே வாங்கி வைப்பேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் இருக்கிற லாரி ஷெட்டுக்கு மிதித்தேன். எதிர்க்காற்று. கண்ணில் மண் விழுந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. ஷெட்டு மெக்கானிக்கு எனக்குக் கூட்டாளி. மச்சான் துபாய்க்குக் கூப்பிடுகிறான், இதோ போகிறேன் அதோ போகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டு அந்த ஷெட்டிலேயே கிடந்தவன். ஒரு லாரிக்கு அடியில் அவன் கால் மட்டும் தெரிந்தது.

"ஏலே, வெளிய வா. ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் எண்ணெ வேணும், புதுசு."

"ஆயில்மேனுக்கே எண்ணெயா?" என்று லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஒன் மிசினுதான் ஒண்ணும் திங்காதே. விரதம்னு சொன்ன."

"தண்ணி எறங்கிருச்சுலே. உள்ள மோராக் கெடக்கு."

அவன் தலை வெளியே வந்தது. "மோரா? மிசினுக்கு வெயில் தாங்கலன்னு ஊத்தினியா? கொஞ்சம் கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டிருக்கலாம்ல."

"ஒரு புள்ளைக்கு வயித்தக் கீறப் போறாகலே. கரண்டு இல்ல. அரை மணியில அஞ்சு நிமிஷம் போயிருச்சு."

அவன் எழுந்து வந்தான். லாரிக்கு ஊற்ற வைத்திருந்த, சீல் உடைக்காத தகர டின்னை எடுத்தான், கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் இருந்தது. இருந்தும் அவனையும் சுமந்து மிதித்ததில் நெஞ்சு அடைத்தது.

ஜெனரேட்டரைச் சாய்ப்புக்கு வெளியே இழுத்துப் போட்டோம். அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது எண்ணெய் இல்லை, தண்ணீர். ஒரு டம்ளர் அளவு, கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக. அதற்குப் பிறகுதான் வெள்ளையாகக் கொழகொழவென்று இறங்கிற்று. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் அடியில் உள்ளது எல்லாம் வரும். ரெண்டு பேருக்கும் கை எட்டவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்த அந்தப் புருஷன்காரன் எங்களைப் பார்த்துவிட்டு வந்தான். கேட்காமலே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு பக்கத்தைத் தூக்கி முழங்கையில் தாங்கிக்கொண்டான். ஓடி நின்ற எஞ்சின், இரும்பு இன்னும் சுட்டது. அவன் கையை எடுக்கவில்லை.

"என்னண்ணே இது, தண்ணியா?" என்றான்.

"ஆமா."

"எங்க ஊருல எம்பது அடி தோண்டியும் வர மாட்டேங்குது. இதுக்குள்ள எப்படிண்ணே போச்சு?"

நான் குனிந்து போல்ட்டைத் துடைத்தேன். மெக்கானிக்கு என்னைப் பார்த்தான். "இன்னுங்கொஞ்சம் சாய்ங்கண்ணே" என்று மட்டும் சொன்னான்.

"மண்ணெண்ணெ ஊத்தி அலசிருவோமா?" என்று பிறகு என்னிடம் கேட்டான்.

"வேணாம். உள்ள தங்கிருச்சுன்னா புது எண்ணெயும் நீத்துப்போகும். புது எண்ணெயவே பாதி ஊத்தி அலசுவோம்."

பாதி ஊற்றி, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பத்துத் தடவை இழுத்தேன். எஞ்சின் கிளம்பாமல் உள்ளே சுற்ற மட்டும் செய்யும். போல்ட்டைத் திறந்து அதையும் வடித்தோம், சாம்பல் நிறத்தில் வந்தது. இன்னொரு முறை அலச நேரம் இல்லை. கோடு வரைக்கும் ஊற்றி மூடினேன். சிஸ்டர் வந்து நின்றார்.

"அம்மா கேக்குறாக. ஆரம்பிக்கவா?"

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் சிஸ்டர். அஞ்சு நிமிஷம்." அவர் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

கிளம்பிற்று. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். காதை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டொக்கு இல்லை. நாலாவது நிமிஷத்தில் லேசாகக் கேட்டது போலிருந்தது. காற்றில் தகரம் ஆடுகிறதா, எஞ்சினா என்று தெரியவில்லை. மெக்கானிக்கு போய்த் தகரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். சத்தம் நின்றது. தகரம்தான்.

"ஓடுது சிஸ்டர். அம்மாட்ட இதச் சொல்லுங்க. எண்ணெ மாத்தியாச்சு, ஒரு தடவதான் அலசினோம், உள்ள இன்னும் கொஞ்சம் இருக்கும். ஓடும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறேன்னே சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க."

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் சத்தம் ஒருமாதிரி கனத்தது. உள்ளே விளக்கைப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

அதற்கப்புறம் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எண்ணெய் அளவைப் பார்க்கலாம் என்றால் நிறுத்த வேண்டும், நிறுத்த முடியாது. எஞ்சினின் அடியில் கையை வைத்துச் சூடு பார்ப்பேன், எடுப்பேன், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பேன், மறுபடி கை வைப்பேன். அந்தப் புருஷன்காரன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, நான் எதைத் தொட்டாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிஷம் இருக்கும். எஞ்சினில் எண்ணெய் நிற்கிற அடிப்பாகத்திலிருந்து காற்றுப் போகிற சின்னக் குழாயில் வெள்ளையாகப் புகை வர ஆரம்பித்தது. நான் எழுந்துவிட்டேன். அவனும் எழுந்துவிட்டான்.

மெக்கானிக்கு உள்ளங்கையைப் புகைக்கு நேரே காட்டினான். எடுத்து என் கன்னத்தில் தடவினான். ஈரம். சத்தத்தில் பேசினால் கேட்காது, என் காதில் வாயை வைத்துக் கத்தினான். "எண்ணெ பொகையில்லலே, தண்ணி. சூடேறி வெளிய போகுது. விடு, போகட்டும்."

எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். புகை குறைந்தது, நூலாக வந்தது, நின்றது.

அப்போது சிஸ்டர் பின்வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். வாய் அசைவது தெரிந்தது, ஒரு எழுத்துக் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நான் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். மெக்கானிக்கு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். சிஸ்டர் ரெண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். பிறகு கைகளைச் சேர்த்து மடக்கிக் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி காட்டினார், உள்ளே விரலை நீட்டி, ஊசியால் தைக்கிற மாதிரியும் காட்டினார். அந்தப் புருஷன்காரனுக்கு அது விளங்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, தலைமுடியை முடிந்து கொண்டை போடுகிற மாதிரி கையால் காட்டினான். அவள், அவள் எப்படி இருக்கிறாள் என்று. சிஸ்டர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அவன் மறுபடி குத்தவைத்தான். இன்னும் தையல் இருக்கிறது, இன்னும் விளக்கு வேண்டும்.

மேற்கொண்டு அரை மணி நேரம் ஓடிற்று. கடைசியில் டாக்டரையாவே வந்து கையைக் காட்டினார். நிறுத்தினேன். எஞ்சின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது அடங்கினதும்தான் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரமாக அழுததோ.

சாயங்காலம் டாக்டரம்மா பின்பக்கம் வந்தார்கள். வடித்து வைத்திருந்த டின்னைக் காட்டச் சொன்னார்கள். குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். "நோட்டுல உள்ள சரிய எல்லாம் அடிச்சிரவாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? எழுதினது எழுதினதா இருக்கட்டும்" என்றார்கள். "இனிமே மாசத்துக்கு ஒருக்கா அரை மணி நேரம் ஓட்டு, தியேட்டர் லைட்டு எல்லாம் எரியணும். எண்ணெய, ஓடினாலும் ஓடாட்டியும் மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்திரு. புஸ்தகத்துல போட்டிருக்கிறதுக்கு முன்னாடியே மாத்து, பரவாயில்ல. மிசின அந்தச் செவுத்துக்கிட்ட இருந்து எடு." போகத் திரும்பினவர்கள் நின்று, "மொதல்ல சிஸ்டர்கிட்ட ரெடின்னு சொன்னியாமே" என்றார்கள்.

"சொன்னேம்மா."

அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன், நிறுத்தவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் அந்தப் புருஷன்காரன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சாய்ப்புக்கு வந்தான். முழங்கைக்குக் கீழே சுட்ட இடம் தடித்துச் சிவந்து கிடந்தது. "ஒங்களாலதாண்ணே" என்றான். பழத்தை வாங்கக் கை போகவில்லை.

"எங்களால இல்லப்பா" என்றேன். "தண்ணி எப்படிப் போச்சுன்னு கேட்டீகள்ல. நாந்தான் விட்டது. சரியா ஓட்டாம விட்டு, எண்ணெ மாத்தாம விட்டு. ஒங்க வீட்டுல அரை மணி நேரம் கூடுதலா வலியில கெடந்தது என்னாலதான்."

அவன் வாழைப்பழத்தைப் பிடித்தபடியே நின்றான். முகத்தில் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை, சிரிப்பும் போய்விட்டது. திரும்பி ஜெனரேட்டரைப் பார்த்தான்.

"எங்க பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருக்காக, பாலவனத்தத்துக்காரவுக" என்றான். "நாளைக்கு அவுகளுக்கு அறுக்கணும்னு சொன்னாக. நாளைக்குக் கரண்டு நின்னா இது ஓடுமா?"

ஓடும் என்று சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். "செத்த பொறுங்க" என்றேன்.

அவனை அங்கேயே நிறுத்திவிட்டு முந்தின நாள் ஊற்றின எண்ணெயை வடித்தேன். லேசாகச் சாம்பல் தட்டியிருந்தது. புது எண்ணெய் டின்னில் மிச்சம் இருந்ததை ஊற்றினேன். எல்லா விளக்கையும் போடச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் ஓட்டினேன். வெள்ளையாகப் புகை வந்த குழாயில் கையைக் காட்டினேன், கை காய்ந்தே இருந்தது. நிறுத்தி, கம்பியை எடுத்துத் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தேன். தேன் மாதிரி, பழுப்பாக, கோட்டில் நின்றது. கம்பியை அவனிடம் நீட்டினேன். அவன் விரலில் தொட்டு, நான் செய்தது போலவே தேய்த்துப் பார்த்தான்.

"ஓடும்" என்றேன்.

"எம்புட்டு நேரம்?"

"அம்மா தச்சு முடிக்கிற வரைக்கும்."

அவன் பழத்தை ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்ல உள்ளே போனான்.